தோற்கிற ஆட்டத்தில் ஒரு கீரி

குள்ளமென்றால் அப்படியொரு குள்ளம் அந்தக் கீரி. ஆனாலும் கூடைப்பந்து ஆட வந்துவிட்டது. அதற்குக் கூட்டாளி ஒட்டகம். கூடையில் பந்தைப் போடுவது ஒட்டகத்தின் வேலை. தரையில் உருளும் பந்தையெல்லாம் விழுந்து புரண்டு எடுத்துக் கொடுப்பது கீரி.

அன்று இரண்டு குதிரைகளோடு ஆட்டம். குதிரைகள் எக்கச்சக்கமாக முந்திவிட்டன. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது ஒட்டகம் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது.

"இனிமே தலைகீழா நின்னாலும் ஜெயிக்க முடியாது. நீயும் உட்காரு தம்பி."

"ஆமா, உட்காரு. முட்டியெல்லாம் தேஞ்சு போச்சு பாரு" என்று கறுப்புக் குதிரை கனைத்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே அது வீசிய பந்து குறி தவறி எல்லைக்கோட்டுப் பக்கம் ஓடியது.

கீரிக்கு முட்டி எரிந்தது. சிரிப்பு அதைவிட எரிந்தது.

"ஜெயிக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும் அண்ணே. அதுக்காகப் பந்தைச் சும்மா விட்டுர முடியுமா?"

சொல்லிக்கொண்டே பாய்ந்தது. கோட்டைத் தாண்டப் போன பந்தை அந்தரத்திலேயே உள்ளே தட்டிவிட்டு, வெளியே முள்புதரில் போய் விழுந்தது.

பந்து ஒட்டகத்தின் முன்னால் வந்து நின்றது. ஒட்டகம் பந்தைப் பார்த்தது, புதரைப் பார்த்தது. பிறகு எழுந்து, கூடையில் போட்டது.

கறுப்புக் குதிரையின் சிரிப்பு நின்றது. "டேய், அசந்துராதே, ஓடு!" என்று தன் கூட்டாளியை அதட்டியது.

உடம்பெல்லாம் முள்ளோடு கீரி அதன் எதிரே வந்து நின்றது.

"ம், போடு பந்தை" என்றது.