சீதனத்துக்கு ஒரு வண்டி

"வண்டி கிடக்கட்டும். முதல்ல நீங்கள் யாழ்ப்பாணத்தில எந்தப் பக்கம் எண்டு சொல்லுங்கோ."

அம்பிகைபாகன் பல்லைக் கடித்தார். மோட்டார் சைக்கிள் வாங்க வந்த இடத்தில் ஊர் விசாரணை. வந்து எவ்வளவோ நேரமாகியும் அந்த அம்மாள் வண்டியைக் கண்ணில் காட்டவில்லை. அது கொட்டிலுக்குள் தேங்காய் மட்டைக் குவியலுக்கு அடியில் இருக்கிறதாம். அவளோ கொட்டில் வாசலை மறித்தபடி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கோப்பாய்," என்றார் வேண்டாவெறுப்பாக.

கோப்பாயில் எந்தக் குறிச்சி, யாருடைய மகன், பெண் எடுத்தது எங்கே என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். யாழ்ப்பாணத்தான் எதை விட்டுவிட்டுப் பினாங்குக்கு வந்தாலும், இந்த நோண்டுகிற குணம் மட்டும் கூடவே கப்பலேறி வந்துவிடுகிறது.

வேறு சமயமாக இருந்தால் எழுந்து போயிருப்பார். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து இந்தத் தீவில் மோட்டார் சைக்கிள் என்ற பேச்சுத்தான் மிச்சம். இருந்த வண்டிகளையெல்லாம் ராணுவம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இந்த லட்சணத்தில், மகள் குணவதிக்குப் பேசிய மாப்பிள்ளையின் சித்தப்பா சீதனமாகக் கேட்டது மோட்டார் சைக்கிள். அதுவும் டவுனில் ஓட்டுகிற சொகுசு வண்டி ஆகாதாம். மாப்பிள்ளை புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர். நோயாளிகளைப் பார்க்கச் செம்மண் மேட்டிலும் சேற்றிலும் ஏறி இறங்கவேண்டும், அதற்குத் தோதான வண்டிதான் வேண்டும் என்றார் சித்தப்பா. பெட்ரோலுக்கு எங்கே போவது என்று கேட்டதற்கு, ரப்பரைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெயில் ஓட்டிக்கொள்வான், டிரெசருக்கு ஜப்பான்காரன் அனுமதியும் கொடுப்பான் என்று அதற்கும் பதில் வைத்திருந்தார். தை பிறப்பதற்குள் வண்டி வராவிட்டால் தன் மனைவியின் தங்கை மகள் ஒருத்தி இருக்கிறாள் என்றும் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தார்.

தகப்பனில்லாத பையன். அந்த வீட்டில் சித்தப்பா வைத்ததுதான் சட்டம். பேச்செல்லாம் அவரோடுதான்; வேறு யாரையும் அவர் கண்ணில் காட்டவோ வாய் திறக்க விடவோ இல்லை. ஆனால் பையன் தங்கமானவன் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். பட்டாளத்துக்காரன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற காலத்தில், வயது வந்த பெண்ணை வைத்திருப்பது மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதுதான். அதனால் அம்பிகைபாகன் மானம் வெட்கம் பார்க்காமல் தெருத்தெருவாக அலைந்தார்.

கடைசியில் வழி காட்டியவர் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பழைய சாமான் தரகு பார்க்கிற அப்துல் அஜீஸ். செத்துப்போன புருஷனுடைய வண்டியை மறைத்து வைத்திருக்கிறேன், தேடுகிற மனிதரை நேரில் கூட்டிக்கொண்டு வா என்று இந்த அம்மாளே நேற்று அவருக்கு ஆள் விட்டாளாம்.

"வண்டி ஆருக்கு?" என்றாள் அவள்.

"வரப்போற மருமகனுக்கு."

அவ்வளவுதான், அடுத்த விசாரணை ஆரம்பமாகிவிட்டது. பெண் எதுவரை படித்தாள், தையல் தெரியுமா, சமையல் எப்படி, அப்பனைப் போல மூக்குமேல் கோபம் வருமா. வண்டியின் விலையைக் கேட்டால் பெண்ணின் நட்சத்திரத்தைக் கேட்டாள். அம்பிகைபாகனின் முகம் போகிற போக்கைப் பார்த்து அப்துல் அஜீஸ் அவர் காதைக் கடித்தார்.

"சபாரா, பொறுமையா இருங்க லா அண்ணே. கோவப்பட்டா காரியம் கெட்டுடும். இத விட்டா வேற வண்டி கெடையாது."

அம்பிகைபாகன் மூச்சை இழுத்து விட்டுவிட்டு, மடியிலிருந்த கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து அவளிடம் நீட்டினார். ஜப்பான் நோட்டை யாரும் மதிக்காத காலம். மனைவி கையிலிருந்து கழற்றிக் கொடுத்த காப்புச் சோடியைத்தான் கொண்டுவந்திருந்தார்.

அவள் காப்புகளை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"இவ்வளவு குடுத்துத் தள்ளிவிடப் பாக்கிறியள். பெட்டைக்கு ஏதும் குறையோ?"

அவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்த பொறுமை அறுந்தது. அம்பிகைபாகன் எழுந்துவிட்டார்.

"அம்மா, வண்டியை நீங்களே வச்சிருங்கோ. காப்பைத் தாங்கோ. என்ர பிள்ளை கலியாணமில்லாமல் வீட்டிலயே இருந்தாலும் இருக்கட்டும். அவளைக் குறை சொல்லுற இடத்தில நான் ஒரு நிமிசமும் நிக்கமாட்டன்."

காப்புக்காகக் கையை நீட்டினார். மகளின் வாழ்வைத் தானே மிதித்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. என்றாலும் கையை அவர் பின்னுக்கு இழுக்கவில்லை. அப்துல் அஜீஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் முக்காலியை நகர்த்திவிட்டுக் கொட்டிலுக்குள் போனாள். மட்டைகளைக் காலால் ஒதுக்கிச் சாக்கைத் தூக்கினாள். கனத்த மோட்டார் சைக்கிள் ஒன்று தெரிந்தது. அதன் சக்கரங்களில் எப்போதோ காய்ந்த செம்மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தோட்டத்து மேடெல்லாம் ஏறின வண்டி. விறகுக்கு அடியில வச்சுப் பத்திரமாக் கொண்டுபோங்கோ."

அம்பிகைபாகன் ஒன்றும் புரியாமல் விழித்தார். அவள் அவருடைய கையைப் பார்த்து, காப்புச் சோடியை அதிலேயே திருப்பி வைத்தாள்.

"இந்த வண்டியும் பட்டாளத்தோட போட்டுது, இனி ஒருக்காலும் கிடையாதெண்டு நினைச்சுத்தான் சித்தப்பாக்காரர் இதைக் கேட்டவர். தமையன்ர வண்டி வாசலில வந்து நிண்டால் அவற்ற வாய் தானா அடைபட்டுப்போம்."

சித்தப்பாவைப் பற்றி அவர் இந்த அம்மாளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லையே.

"காப்பை என்ர மருமகளுக்குப் போட்டு அனுப்புங்கோ, சம்பந்தி," என்றாள் அவள்.