யோஸ்ட் வீடு திரும்பவில்லை

படம் முடியப்போகிற நேரத்தில் டெட்லெஃப் என் தொடையைக் கிள்ளினான்.

"அந்தம்மா கையப் பாருடா," என்றான் காதுக்குள்.

பார்த்தேன். எனக்கு அடுத்த இருக்கையில் தோர்மேலன் அம்மா இரண்டு கைகளையும் மடியில் முஷ்டியாக இறுக்கி வைத்திருந்தார். கோபம்தான், வேறென்ன.

ஹாம்பர்க்கில் ஒரு சின்னத் திரையரங்கு. மொத்தமே நாலு பேர். தயாரிப்பாளர் டெட்லெஃப், திரைக்கதை எழுதிய நான், பின்னால் கணினியருகே எடிட்டர் ஸ்வான்டியே, அப்புறம் எங்கள் தலையெழுத்தைக் கையில் வைத்திருந்த இந்த அம்மா.

புத்தகம் அவருடைய அப்பா எழுதியது. எங்கள் பக்கம் அதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. உறைந்த ஏரியின் நடுவே ஒரு வாத்து மாட்டிக்கொள்கிறது. அம்மா பேச்சைக் கேட்காமல் யோஸ்ட் அதைத் தேடிப் பனிக்கட்டி மேல் நடந்து போகிறான். அம்மா ஜன்னலில் விளக்கை ஏற்றி வைக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அந்த விளக்கு மட்டும்தான். கீழே ஒரே வரி: யோஸ்ட் வீடு திரும்பவில்லை.

இதை வாசித்துக் காட்டிவிட்டு, "நல்லாத் தூங்கு கண்ணு" என்று விளக்கை அணைக்கிற ஜனம் நாங்கள்.

என்னால் அது முடியவில்லை. நான் எழுதியதில் பையன் வருவான். சிவந்த மூக்கும் கக்கத்தில் வாத்துமாக, விளக்கைப் பார்த்து நடந்து வந்து கதவைத் தட்டுவான். எடுத்தும் விட்டோம். எடுத்த அன்று லைட் பிடித்த ஆள்கூட அழுதான்.

கேட்காமல் எடுத்தோம். அதுதான் வினை.

கதையில் எதை மாற்றுவதானாலும் முதலில் இந்த அம்மாவைக் கேட்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மீறியது தெரிந்தால் அவர் புத்தகத்தின் பெயரையே படத்திலிருந்து எடுத்துவிடலாம். அந்தப் பெயர் இல்லாத படத்தைக் கிறிஸ்துமஸுக்கு எந்தத் தியேட்டர்காரனும் சீண்ட மாட்டான்.

போன வாரம் டெட்லெஃப் காதில் யாரோ ஓதிவிட்டார்கள். முன்பு பொம்மலாட்டக்காரர்கள் சிலர் பையனைப் பிழைக்க வைக்கிறோம் என்று கேட்டதற்கு, தோர்மேலன் குடும்பம் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டதாம். அப்போது இந்த அம்மாவின் அப்பா உயிரோடு இருந்தார். டெட்லெஃப் அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஸ்வான்டியேவை உட்கார வைத்து என் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டான்.

"பையன் வேணுமா, படம் வேணுமா? நீயே சொல்லு," என்றான்.

வெட்டிய துண்டை ஸ்வான்டியே அழிக்காமல் கணினியில் ஓரமாக வைத்தாள்.

அப்படிப் புத்தகத்துக்கு அடங்கி ஒடுங்கி நின்ற பிறகும் இந்த அம்மா முஷ்டியை மடக்கினால் என்ன அர்த்தம்? எதில் குறை? வாத்தின் நிறம்கூடப் புத்தகத்தில் இருக்கிற அதே நிறம்தானே!

டெட்லெஃப் கட்டைவிரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் நசுக்க ஆரம்பித்திருந்தான். பிள்ளை பரீட்சைக்குப் போனாலும், பந்து கோலுக்குள் விழ வேண்டுமென்றாலும் நாங்கள் செய்கிற வேண்டுதல் அதுதான். சாமி இல்லை என்கிறவனும் இதைச் செய்வான். நானும் செய்தேன்.

திரையில் யோஸ்ட் ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தான். ஒரு புள்ளி ஆனான். பிறகு பனி மட்டும், திரை முழுக்க வெள்ளையாக.

அந்த வெளிச்சம் தோர்மேலன் அம்மாவின் மடியில் விழுந்தது.

அவர் கட்டைவிரல்களைக் காணோம். இரண்டும் முஷ்டிக்குள் இருந்தன.

ஐயோ, என்றது மனசு. இது கோபம் இல்லையே.

ஜன்னல் வந்தது. விளக்கு வந்தது. அந்த வரி வந்தது. அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

ஸ்வான்டியே விளக்கைப் போட்டாள். தோர்மேலன் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அப்பா எழுதினபடியே இருக்கு. நல்லா எடுத்திருக்கீங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

டெட்லெஃப் கிட்டத்தட்டக் குதித்தான். பேனாவைத் தேடிக் கோட்டின் பைகளையெல்லாம் தட்டினான். அவர் எழுந்து கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்ற ஆரம்பித்தார். கட்டைவிரல்கள் சிவந்திருந்தன.

என் வாய் சும்மா இருக்கவில்லை.

"யாருக்காகக் கட்டைவிரலைப் பிடிச்சிருந்தீங்கம்மா?"

அவர் கைகளைச் சட்டென்று சால்வைக்குள் மறைத்துக்கொண்டார். எழுபதைத் தாண்டிய முகம் வெட்கத்தில் சிவந்தது.

"அது சின்ன வயசுப் பழக்கம். அப்பா வாசிக்கிறப்பெல்லாம் போர்வைக்குள்ள பிடிச்சுக்குவேன். ஒரு நாளாவது அவன் வந்துற மாட்டானான்னு. அப்பாகிட்டக் கேட்டா, எழுதினது எழுதினதுதான்னுடுவார்." சிரிக்கப் பார்த்தார். "இது சினிமாவாச்சே, ஒருவேளை வந்தாலும் வருவான்னு நினைச்சேன். கிறுக்கு."

டெட்லெஃப் என் காலை மிதித்தான். எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தான். பேனா கிடைத்திருந்தது. காகிதம் விரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் படம் பிழைத்துவிடும், அவ்வளவுதான்.

திரும்பி ஸ்வான்டியேவைப் பார்த்தேன். அவள் கை ஏற்கெனவே விளக்கு சுவிட்ச் மேல் இருந்தது.

"கொஞ்சம் உக்காருங்கம்மா," என்றேன். "பையன் வந்துக்கிட்டிருக்கான்."