முன் பிரேக்

மாப்பிள்ளையைக் கொன்றது தன் கைதானா என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். அந்தக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார் லேத்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் லேத் பட்டறையில் வேலை என்பதால் ஞாயிற்றுக்கிழமை பைக் கும்பலில் அவர் வெறும் லேத். அவர் தங்கையைக் கட்டியவன் கும்பல் மொத்தத்துக்கும் மாப்பிள்ளை.

வழக்கமான ஞாயிறு என்றால் இந்நேரம் போன வாரம் சுற்றிய படங்களைக் காட்டி, ஒருவர் வண்டியை ஒருவர் கலாய்த்துக்கொண்டிருப்பார்கள். கும்பலில் இன்னொருவரான கம்பவுண்டரின் வண்டிச் செயின் சத்தம் ஒன்றே அரை நாளுக்குத் தாங்கும். இன்று லேத் வீட்டு ஷெட்டில் அவர், கம்பவுண்டர், வாத்தியார் மூவர்தான்; யாரும் கலாய்க்கவில்லை. நடுவில் மாப்பிள்ளையின் வண்டி நின்றது. கேஸ் முடிந்து, போலீஸ் ஸ்டேஷன் வாசலிலிருந்து நேற்றுத்தான் வந்திருந்தது, முகம் நசுங்கி, மண்ணும் துருவுமாக.

விபத்துக்கு முந்தின நாள் அந்த வண்டியின் முன்சக்கர பிரேக்கை மாற்றிக் கொடுத்தவர் லேத். மறுநாள் காலை மாப்பிள்ளை கும்பலோடு சேராமல் தனியாகக் கிளம்பினான். நேரான ரோட்டில், நல்ல வெளிச்சத்தில், பாலத்துச் சுவரில் போய் மோதினான். ரோட்டில் டயர் தேய்ந்த தடமே இல்லை, பிரேக் பிடிக்கவில்லை என்று வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்.

துக்க வீட்டில் எல்லார் முன்னாலும் தங்கை அண்ணனைப் பார்த்து, "என் புருஷனைக் கொன்னது நீதான்" என்றாள். அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது.

அதற்குப் பிறகு லேத்துக்கு வண்டி ஓட்டுவதே தண்டனையாகிவிட்டது. கும்பல் இரண்டு வரிசையாகப் போகும்போது அவருக்குப் பின்னால், இடது பக்கம் மாப்பிள்ளையின் இடம். யாரும் சொல்லாமலே எல்லாரும் அதைக் காலியாக விட்டுத்தான் ஓட்டினார்கள். அந்தக் காலி இடத்தில் சில நேரம் ஹெட்லைட் தெரிகிறது என்று லேத் ஒரு டீக்கடையில் சொன்னார். சிரிப்பார்கள் என்று நினைத்தார், ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றே இடது பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

நண்பர்கள் முன்னிலையில் வண்டியின் பிரேக்கைச் சோதித்துப் பார்க்கப் போகிறேன், நீயும் வா என்று தங்கைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். வரமாட்டேன் என்று பதில் வந்தது.

லேத் முன் சக்கரத்தின் அருகில் குந்தி உட்கார்ந்தார். பிரேக்கைத் தாங்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஒன்றும் இம்மி நகரவில்லை. பிரேக் ஆயில் போகும் ட்யூப் கிழியவில்லை, ஆயில் ஒழுகவில்லை. கம்பவுண்டர் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். கோணிப்போன சக்கரம் உரசி உரசிச் சுற்றியது. லேத் கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை அழுத்தினார்.

சக்கரம் டக்கென்று நின்றது.

மறுபடி சுற்றினார்கள், மறுபடி நின்றது. கம்பவுண்டர் அவரைக் கட்டிப்பிடித்து, உன் மேல் ஒரு குற்றமும் இல்லையடா என்று முதுகில் தட்டினார். லேத் குலுங்கிக் குலுங்கி அழுதார். இனி தங்கை வீட்டுப் படியேறலாம், அவள் முகத்தை நேராகப் பார்க்கலாம்.

வாத்தியார் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், விடை வந்த பிறகும் ஒருமுறை சரிபார்க்கும் ஆள்.

"பிரேக் இவ்வளவு நல்லா பிடிக்குது. அப்புறம் ஏன் ரோட்ல தடம் இல்ல?"

தூங்கியிருப்பானோ என்று கம்பவுண்டர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். வீட்டை விட்டுக் கிளம்பின கையோடு யாருக்குத் தூக்கம் வரும்? மாப்பிள்ளை பிரேக்கைத் தொடவே இல்லை. அது மூவருக்கும் புரிந்தது.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தங்கை. ஆள் பாதியாகியிருந்தாள். உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்தாச்சா அண்ணா?"

அவள் வாயிலிருந்து அண்ணா என்று கேட்டு எவ்வளவு நாளாயிற்று. ஆனால் லேத் திரும்பவில்லை. அவளே மேலே பேசினாள்.

"அன்னைக்குக் காலைல எங்களுக்குள்ள சண்டை. எங்கயாவது போய் ஒழின்னு சொல்லிட்டேன். ஒரு வார்த்தை பேசாம சாவியை எடுத்துட்டுப் போனாரு. உன்னை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருதுண்ணா. பிரேக் நல்லா இருந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

லேத் இன்னும் குனிந்தார். அவர் முதுகு மறைத்ததால் கை அவளுக்குத் தெரியவில்லை. கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டில் மாட்டி, உடம்பின் கனத்தையெல்லாம் அதன் மேல் போட்டார். அவரே முடுக்கிய போல்ட், லேசில் விடவில்லை. அது கிறீச்சிட்ட நேரத்தில் கம்பவுண்டர் பலமாக இருமினார். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு லேத் தங்கையை அருகில் கூப்பிட்டு, அந்தப் போல்ட்டை விரல் நுனியால் சுற்றிக் காட்டினார்.

"நான்தாம்மா இதை முடுக்காம விட்டுட்டேன்."