தொண்ணூறு சதவீதம்

மனைவி பிறந்தநாள் பரிசாக ஆன்லைனில் வாங்கித் தந்த கம்ப்யூட்டர் கேமை விளையாடவென்றே பல் டாக்டர் மூன்று நாள் லீவு போட்டார்.

"தொண்ணூறு சதவீதம் இறங்கினதும் நின்னுடுது! காசு வாங்க மட்டும் அரை நொடி போதும் இவனுங்களுக்கு!" என்று கத்தினார்.

"பொறுத்தார் பூமி ஆள்வார். சும்மா இருக்கிற நேரத்துல அந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்களேன்," என்றாள் மனைவி.

குழாய்க்குப் பிறகு மின்விசிறி, அதற்குப் பிறகு அலமாரி. ஒவ்வொன்றையும் முடித்து ஓடிவந்து பார்த்தார். தொண்ணூறு குத்துக்கல்லாட்டம் அசையாமல் நின்றது.

மூன்றாம் நாள் அவர் பரணில் ஏறியதும், அவள் தன் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மாமாவுக்கும் இதே கேமை வாங்கிக் குடு. கம்ப்யூட்டருக்குப் போற நெட்டை நம்ம போன்லேர்ந்தே நிறுத்தி வைக்கலாம். இங்க இன்னும் ஜன்னல் மட்டும்தான் பாக்கி. அது முடிஞ்சதும், பாவம், மீதிப் பத்தையும் விட்டுடுவேன்."