புகை போன பக்கம்

மக்பூல் அகமது சாயபு மேசைமேல் இரண்டு கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

இரண்டும் ரங்கூனுக்குப் போகிற லுங்கியில் ஒட்டும் லேபிள்கள். ஒரே நீலக் கடல், ஒரே சிவப்புக் கப்பல், ஒரே மஞ்சள் கொடி.

"ராஜவேலு, இதுல ஒண்ணு நம்ம சரக்கு. இன்னொண்ணு எவனோ களவாணி நம்ம மாதிரியே ஒட்டி விக்கிறது. எது நம்மளுது, சொல்லு பாக்கலாம்."

ராஜவேலு மேசைக்கு அருகில் போனான்.

குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கப்பலின் புகை முன்னால் போனது. மற்றதில் பின்னால் போனது.

விஷயம் வெளியே வந்துவிட்டது, இனி தறிதான் கதி என்று முடிவு கட்டிவிட்டான்.

தறியை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. 'சித்திர வேலை செய்து தரப்படும்' என்று தானே எழுதிய பலகையைக் குடியாத்தத்தில் வீட்டு வாசலில் மாட்டியபோது தெருவே கூடிச் சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை திரும்பி வந்துவிடுவார் என்று அவனுடைய தறிக்குழியைப் பெருக்கித் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தீப்பெட்டிப் படம், பிஸ்கட் டின் படம், கடைகளில் மாட்டிய காலண்டர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டுப் பழகிய கை.

சாயபுவின் அண்ணனுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப். தோல் கட்டுகளின்மேல் குத்துகிற முத்திரைக்கு ராஜவேலு ஒரு பிறையும் சாவியும் வரைந்து கொடுத்தான். அது பிடித்துப் போய்த்தான், தம்பி தன் லுங்கிக்குக் கப்பல் கேட்டார். ராஜவேலுவிடம் சொல்லிக்கொள்ளும்படியான ஒரே பெரிய இடம் அவர்தான்.

ஆனால் ராஜவேலு கடலைப் பார்த்தவனில்லை. அவன் பார்த்த பெரிய தண்ணீர் பாலாறு. அதிலும் வருஷத்தில் பாதி நாள் மணல்தான்.

மனசுக்குத் தோன்றியபடி ஒரு கப்பலைப் போட்டான். கொடியைப் பின்னால் பறக்கவிட்டான். புகையை முன்னால் அனுப்பினான்.

லேபிள் பட்டணத்தில் அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்திறங்கிய பிறகு, ஒருநாள் ஸ்டேஷனில் ரயில் கிளம்புவதைப் பார்த்தான். இன்ஜின் புகையும் கார்டு பிடித்திருந்த பச்சைக் கொடியும் ஒன்றாகச் சேர்ந்து பின்னால் போயின.

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

எங்கே தப்பு என்று சாயபுவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் திருத்தித் தருகிறேன் என்று மட்டும் கேட்டான். கப்பல் மிதக்கிறதா, அது போதும் என்று அவர் அனுப்பிவிட்டார். அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

இப்போது அவன் கண், புகை பின்னால் போகிற கப்பலைவிட்டு நகர மறுத்தது. என்ன அழகாக ஓடுகிறது! கடலைப் பார்க்காதவனுக்குக்கூடக் காற்று முகத்தில் அடித்தது.

வேறு வழியில்லாமல் தப்பான கப்பலின்மேல் ஒரு விரலை வைத்தான். அடுத்த விரலும் துடித்தது. அதை மடக்கிக்கொண்டான்.

"சபாஷ்" என்றார் சாயபு. எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். "ரங்கூன்லேருந்து மச்சான் எழுதியிருக்காரு. அங்க லுங்கி வாங்குறவங்க மொதல்ல பொகையத்தான் பாக்குறாங்களாம். முன்னாடி போனா நம்ம சரக்கு, பின்னாடி போனா களவாணி சரக்குன்னு தூக்கிப் போட்டுட்றாங்களாம். எப்படிப்பா இந்த யோசனை தோணிச்சு உனக்கு?"

ராஜவேலு அப்படித்தான் தோன்றியது என்று தலையை மட்டும் ஆட்டிவைத்தான்.

"ஆனா ஒண்ணு. அந்தக் களவாணிக்குப் போட்டுக் குடுத்தவன் இருக்கானே, அவன் கை உன் கையைவிட ஜாஸ்தி சுத்தம்."

ராஜவேலுவின் காது மடல் சூடாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினான்.

சாயபு அதைக் கவனிக்கவில்லை. ரங்கூன் சரக்கு, பினாங்கு சரக்கு, இனி எந்த ஊர் சரக்கானாலும் லேபிள் அவன் கையால்தான் என்றார். இந்தப் புகையை மட்டும் வேறு எவனுக்கும் போட்டுத் தரக் கூடாது, அதற்குச் சத்தியம் வேண்டும் என்று கையை நீட்டினார். ராஜவேலு ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அடித்துக் கொடுத்தான்.

வீதியில் அவன் கால் தரையில் படவில்லை. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரருக்கு வணக்கம் சொன்னான். மாட்டுக்கும் சொன்னான். மாமனார் வீட்டைத் தாண்டும்போது தறிக்குழியில் இனி கோழி வளர்க்கச் சொல்லலாமா என்று யோசித்துத் தனியாகச் சிரித்தான்.

வாசலில் பலகையின் கீழே மனைவி மனோரமா காத்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ வந்திருந்தார்கள். படியில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது.

"மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு கப்பல் போட்டுக் குடுத்தீங்களே, அந்தக் கலவை ஊரு லுங்கி வியாபாரி வந்திருக்காரு. எனக்குத் தெரிஞ்சது ஒரே கப்பல்தான், ஆனா இந்தத் தடவ சரியா வந்துடுச்சுன்னு குதிச்சீங்களே, அதுதான்" என்று குரலைத் தாழ்த்தினாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்காம். பொகையை மட்டும் முன்னாடி போற மாதிரி திருப்பிக் குடுக்கணுமாம்."