சுத்தியல் அம்மாள் பேசுகிறேன்

இது சிரிப்புக் கதைதான். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வரும்; பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் அப்பாவின் கடன் விவகாரம்.

அப்பா கண்ணாடி வெட்டும் பட்டறை வைத்திருக்கிறார். வாடகை இடம். இடத்துக்காரர் விற்கப் போகிறார். மாதக் கடைசிக்குள் நாங்கள் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். வங்கி கையை விரித்துவிட்டது. வீட்டை ஈடாக வைத்து ஒரு தனியார் நிறுவனத்தில் கேட்டிருந்தார்.

அங்கிருந்து வீட்டைப் பார்க்க வந்த அம்மாளுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சுத்தியல்'. சுவர் சுவராகத் தட்டினார். குளியலறைக் கசிவைக்கூடப் போட்டோ எடுத்தார்.

"அண்ணன் தம்பி யாராவது பங்கு கேட்பாங்களா? பத்திரத்தைப் பதிவு ஆபீஸ்ல சரிபார்க்காம பேச்சே கிடையாது."

"என்னமோ நாம திருடுன வீடு மாதிரியில்ல குடையுறா!" என்று அம்மா பொருமினாள்.

வீட்டுக்கு வருகிறவர்களைப் போலப் பேசிக்காட்டுவது என் வழக்கம்; சுத்தியலின் கட்டைக் குரல் எனக்கு ஒரே நாளில் படிந்துவிட்டது. நேற்று மதியம் தோழியின் போனிலிருந்து அப்பாவுக்கு அடித்தேன். பட்டறை இரைச்சல் எனக்குத் துணை.

"உங்க வீட்டுக்குக் கடன் தேறாது சார். வேற ஆளைப் பாருங்க."

சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். உண்மையை உடைத்தால் வீடே சிரிக்கும் என்று நினைத்தேன்.

அப்பா சிரித்துக்கொண்டே வந்தார்.

"சுத்தியல் முடியாதுன்னுடுச்சு. போகட்டும்! விளம்பரத்துல ஒரு நம்பர் பார்த்தேன்ல, அந்தத் தம்பிகிட்ட பேசினேன். தங்கமான மனுஷன். வீட்டையும் பார்க்கல, பத்திரமும் கேட்கல. 'உங்க வார்த்தையே போதும்ண்ணே'ங்கிறார்."

"சும்மாவா தர்றார்?" என்றாள் அம்மா.

"முன்கட்டணம் மட்டும் இன்னிக்கே கட்டணும்னார். பெரிய மெஷினைப் பக்கத்துப் பட்டறைக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கட்டிட்டேன்."

"அப்பா..." என்று நான் இழுப்பதற்குள் அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். அசல் சுத்தியலின் குரல்.

"சார், எல்லாம் சரியா இருக்கு. நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுங்க. முன்னாடி எதுவும் கட்ட வேணாம், எங்க செலவைக் கடன்ல கழிச்சுக்குவோம். முன்கூட்டியே பணம் கேட்கிறவன் எவனா இருந்தாலும் கிட்டச் சேர்க்காதீங்க."

"மதியம் நீங்கதானேம்மா முடியாதுன்னீங்க?"

"நானா? நான் கூப்பிடவே இல்லையே சார்."

அப்பா அந்தத் தம்பியின் எண்ணை அழுத்தினார். அணைந்து கிடந்தது. மறுபடி அழுத்தினார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை.

"அந்தம்மா மாதிரி ஒரு தடவை பேசும்மா, கேட்போம்."