ஐம்பத்தெட்டு கிலோ

சிறுநீரக நோயாளிகளுக்கு இயந்திரம் வாங்க நிதி திரட்டும் கடல் பயணத்துக்காக நானும் விழுப்புரம் அஸ்வினியும் சேர்ந்தே துடுப்பு போடப் பழகினோம். படகில் ஓர் ஆள்தான் போக முடியும். வேகம் எனக்குத்தான் அதிகம். அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். மாலை போட்டபோது நானும் கைதட்டினேன்.

புதுச்சேரியிலிருந்து மரக்காணத்துக்கு அவள் புறப்பட்ட காலையில், நான் வேலை செய்யும் திண்டிவனம் மண்டியில் வழக்கம்போல எடை மேடையில் ஏறி நின்று அதைச் சரிபார்த்தேன். நான் ஐம்பத்தெட்டு கிலோ. மேடை பூஜ்யம் காட்டியது. இறங்கி ஒரு மல்லாட்டை மூட்டையை வைத்தேன். கடலையின் எடையைச் சரியாகக் காட்டியது.

மாலையில் அஸ்வினி போன் செய்தாள்.

"போட் செம வெயிட்டுக்கா. பின்னாடி யாரோ குந்திக்கினு வர்ற மாதிரியே இருந்திச்சி. முழுகிடுவேன்னு பயந்துட்டேன்."

"உனக்குப் பழக்கம் பத்தலடி."

"இதுக்கு உன்னையே கூட்டிக்கினு போயிருக்கலாம்," என்று சிரித்தாள்.

மறுநாள் மேடை ஐம்பத்தெட்டு காட்டியது.

இன்று அவள் சென்னை வரை போகிறாள். பேருந்து நிலையத்தில்கூட அவள் படம் போட்ட பேனர். நான் காலையிலிருந்து மேடையில் நிற்கிறேன். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐம்பத்தொன்று, நாற்பத்து நான்கு என்று எண் இறங்கிக்கொண்டே இருக்கிறது.